முகத்துவாரம் அடைத்தாலும் ஓடும் படம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வீட்டுக்குள் டிவியில் எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருப்பார்கள். மூன்று, இரண்டு என்று போகும்போதே வாசலில் நிற்கும் பொடிசுகள் "போயிடுச்சு, போயிடுச்சு" என்று கத்திவிடும். ஓடிவந்து பார்த்தால் வடக்கே ஏரிக்கு மேலே நெருப்பு ஏறிக்கொண்டிருக்கும். திரும்ப உள்ளே எட்டிப் பார்த்தால், டிவியில் ராக்கெட் அப்போதுதான் தரையை விட்டுக் கிளம்பும். கேமராவில் பிடித்த படம் சுருக்கப்பட்டு, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, இறங்கி, செட்டாப் பாக்ஸில் விரிந்து வருவதற்குள் சில வினாடிகள் போய்விடுகின்றன. சத்தம் இரண்டுக்கும் பிந்தி, ஒன்றரை நிமிடம் கழித்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் உருண்டு வரும். ஏவுதளத்துக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

உலகம் டிவியில் பார்ப்பதை டிவிக்கு முன்பே கண்ணால் பார்த்துவிடுகிற ஊர் இது. அதே ஊர்க்காரர், தான் எடுத்த படத்தைத் தன் வீட்டு டிவியில் பார்க்க வழி தெரியாமல் நிற்கிறார். 2023 ஜூலை 14 மதியம் 2.35-க்குச் சந்திரயான்-3 கிளம்பியபோது கரையில் போனைத் தூக்கிப் பிடித்த கைகள் எத்தனையோ. அந்தப் படங்கள் எங்கே என்று இப்போது கேட்டுப் பாருங்கள். "ஸ்டேட்டஸ்ல வெச்சேன்" என்பார் ஒருவர். ஸ்டேட்டஸின் ஆயுள் 24 மணி நேரம். "அந்த போன் தண்ணியில உழுந்துடுச்சு" என்பார் இன்னொருவர். படகில் போகிறவர் போனுக்கு அதுதான் இயற்கை மரணம்.

டெக் வாடகைக் காலம்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில்; தெற்கு முனை நம்மிடம். ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டிலும் ஏரிக்கரையிலுமாகக் குப்பங்கள்: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், கலங்கரை விளக்கக் குப்பம். பக்கத்தில் ஜமீலாபாத். மடவையும் இறாலும் நண்டும்தான் வரும்படி.

வீட்டில் படம் பார்க்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும் என்பது இந்த ஊர்களுக்குப் புதிய செய்தி இல்லை. எண்பதுகளில் வீடியோ கேசட் ஓட்டும் 'டெக்' வந்தபோதே தெரியும். டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகை. திருவிழா என்றாலும் காதுகுத்து என்றாலும் தெருவே கூடி விடியவிடியப் பார்க்கும். மூன்றாவது படம் ஓடும்போது முழித்திருப்பது டெக் கொண்டுவந்த பையன் ஒருவன்தான். அவனும் பொருளுக்குக் காவலாக. பிறகு விசிடி பிளேயர், டிவிடி பிளேயர், அதன் நெற்றியில் பென் டிரைவ் செருக ஒரு ஓட்டை. செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு ஏற்றித் தருவார்கள். சென்னை பர்மா பஜாரில் என்ன கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அடுத்தவர் படத்தைத் திருடிப் பார்ப்பதற்கான கட்டுரை அன்று இது.

டிவி வந்த கதைக்கு அரசியல் உண்டு. 2006-ல் தொடங்கி, தி.மு.க. அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை வீடு வீடாகக் கொடுத்தது. அதுவரை டீக்கடையிலும் பஞ்சாயத்து டிவி அறையிலும் நின்று பார்த்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் டிவி நின்று மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அதே ஆண்டு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப்பும் அந்த ஆண்டில்தான். லேப்டாப் என்றால் ஒரு ஹார்டு டிஸ்க். குடும்பத்தின் படங்கள் முதல்முறையாக ஆல்பத்தைவிட்டு வெளியே வந்து குடியேறியது அந்த டிஸ்க்கில்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்குப் பிறகு எல்லாமே போனுக்குள் போனது; டிவியில் சீரியல் மட்டும் மிஞ்சியது.

கல்யாணத்தைப் பார்க்காத கல்யாண வீடியோ

போன முறை பழவேற்காட்டுக்குப் போனபோது, பென் டிரைவில் இருக்கும் படத்தை டிவியில் ஓட்டும் ஒரு சின்னப் பெட்டியைத் தெரிந்த வீடு ஒன்றுக்குக் கொண்டுபோனேன். தீப்பெட்டிக் கட்டு அளவுதான் இருக்கும். அந்த வீட்டு பீரோவில் மூன்று வட்டுகள் இருந்தன. சுனாமிக்கு முந்தைய ஆண்டில் நடந்த கல்யாணம், விசிடியில். பிளேயர் செத்து வருஷக்கணக்காகிவிட்டதால் வட்டுகள் மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தன. மூன்றில் ஒரு வட்டு படிக்கவில்லை. மற்ற இரண்டையும் லேப்டாப்பில் நகலெடுத்து, பென் டிரைவில் போட்டு, பெட்டியில் செருகி, டிவியில் ஓடவிட்டோம்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் யாரும் பார்க்கவில்லை. கேமராக்காரர் ஊர்வலத்தைப் பிடிக்கக் கரைக்கு வந்த இடத்தில்தான் அறை அமைதியானது. கரை நெடுகக் கட்டுமரம். ஒரு ஃபைபர் போட்டைக்கூடக் கண்ணில் காணோம். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. கரையின் முகமே மாறிவிட்டது. பிள்ளைகள் கட்டுமரத்தை அத்தனை வரிசையாகப் பார்த்ததே இல்லை. "இங்க இருந்துச்சாண்ணா மொகத்துவாரம்?" என்று ஒரு பையன் கேட்டான். "அது தெக்க தள்ளி" என்றார் பெரியவர். "இல்ல மாமா, பனமரம் தெரியுது பாரு" என்று மருமகன் எழுந்து டிவிக்கே போய் விரல் வைத்தார். நிறுத்து, பின்னால் போ, மறுபடி ஓட்டு. இருபது வினாடிக் காட்சியை அரை மணி நேரம் பார்த்தோம். மணப்பெண் அடுப்படியிலிருந்து வந்து, "என் கல்யாணத்தையா பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். குடும்ப வீடியோ என்று நாம் சொல்வதில் குடும்பத்தைவிட ஊர் அதிகம் இருக்கிறது. ஏரியின் முகத்துவாரம் இடம் மாறும் ஊர் இது. மணல் அடைத்து அதைத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் மனுக்கொடுக்கும் ஊர். எந்த வருஷம் எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி ஒரு கல்யாண வட்டின் ஓரத்தில் கிடக்கிறது. அதைச் செல்போனின் ஆறு அங்குலத்தில் பார்த்திருந்தால் பனைமரம் தெரிந்திருக்காது. பெரிய திரை வேண்டும், நான்கு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும், சண்டை போட வேண்டும். டிவி அதற்குத்தான்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள். கல்லில் வெட்டியதை மூன்று நூற்றாண்டு கழித்தும் விரலால் தடவிப் படிக்கலாம். இருபது வருஷத்து விசிடியில் மூன்றில் ஒன்று போய்விட்டது.

படம் ஓடுது, சத்தம் வரல

"டிவியிலேயே பென் டிரைவ் ஓட்டை இருக்கே, பெட்டி எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் வீட்டுக் கதை ஒன்று. தம்பி கல்யாண டிவிடியை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து டிவியின் பின்னால் செருகினேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. மாமனார் நாதஸ்வரக்காரரைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தார். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. டிவிடியில் ஒலி பெரும்பாலும் டால்பி முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதை விரிக்க உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. விலையைக் குறைக்க அதை விட்டுவிட்ட டிவிகள் உண்டு. இன்னொரு பக்கம், புது போன்கள் வீடியோவை எச்.265 என்ற முறையில் சுருக்குகின்றன. 2013-ல் வந்த முறை அது. பழைய டிவிக்கு அந்தப் பாஷையே தெரியாது. "கோப்பு ஆதரிக்கப்படவில்லை" என்று காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது தொல்லை பென் டிரைவிலேயே இருக்கிறது. ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. போனில் எடுக்கும் ஃபுல் எச்டி வீடியோ நிமிடத்துக்கு 130 எம்பி அளவில் ஓடும். அரை மணி நேரத் திருவிழா வீடியோவே அந்த வரம்பை முட்டும்.

தனிப் பெட்டியின் வேலை இந்தப் பாஷைகளையெல்லாம் தெரிந்துவைத்திருப்பது. டிவிக்கு அது கொடுப்பது விரித்த படமும் விரித்த ஒலியும் மட்டும். டிவி வெறும் கண்ணாடி. இதை முதலில் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் ஒன்று 2008-ல் வந்த டபிள்யூடி டிவி என்ற கறுப்புப் பெட்டி; ஹார்டு டிஸ்க் கம்பெனி செய்தது. டிஸ்க்கைச் செருகு, ரிமோட்டை அழுத்து, பார். எச்டிஎம்ஐயும் இருந்தது, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை ஒயரும் இருந்தது. அந்த மூன்று முனை முக்கியம். அரசு கொடுத்த 14 அங்குல டிவிக்கு எச்டிஎம்ஐ கிடையாது. இன்றைய பெட்டிகளில் அநேகமாக எச்டிஎம்ஐ மட்டும்தான். பழைய டிவிக்கு எச்டிஎம்ஐயை அந்த மூன்று முனைக்கு, அதாவது ஏவியாக, மாற்றும் சின்ன டப்பா ஒன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு நேர்மாறான டப்பா, அதாவது ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது, பார்க்க அச்சு அசலாக அதேபோல் இருக்கும். ஏமாந்து வராதீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன்.

ஏரிக்குள் போட் ஓட்டக் கடல் வேண்டாம்

பெட்டியில் பென் டிரைவைச் செருகுவது ஒரு வழி. இன்னொரு வழி, படங்களை ஒரே இடத்தில் வைத்துவிட்டு வைஃபை வழியாக டிவிக்கு ஓடவிடுவது. இங்கேதான் ஒரு தவறான எண்ணம் ஊரெல்லாம் வேரூன்றியிருக்கிறது. வைஃபை என்றாலே நெட் என்று நினைக்கிறோம். "நெட் பேக் தீந்துடுச்சு, டிவியில வராது" என்கிறார்கள். பழவேற்காட்டுக்காரருக்கு இதைப் புரியவைப்பது மற்ற ஊர்க்காரரைவிடச் சுலபம். முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் ஏரியிலிருந்து கடலுக்குப் படகு போகாது. ஆனால் ஏரிக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகலாம் இல்லையா? ரவுட்டர் என்பது ஏரி. நெட் என்பது கடல். உங்கள் போனும் பெட்டியும் ஒரே ரவுட்டரில் இருந்தால், சிம் கார்டே இல்லாவிட்டாலும் படம் போனிலிருந்து டிவிக்குப் போகும். ஒரு எம்பி டேட்டாவும் செலவாகாது. (அடைப்பு ஏரிக்குக் கேடு, உப்பும் மீன் வரத்தும் கெடும். உவமையை அந்த அளவுக்கு இழுக்க வேண்டாம்.)

ஒரே ஒரு இடைஞ்சல்: நெட் இல்லாத வைஃபையில் சேர்ந்தால் போன் பதறும். "இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை" என்று சொல்லி, கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு டிவி தெரியவில்லை என்று நாம் பெட்டியைத் திட்டுவோம். இணைப்பிலேயே இருக்கட்டும் என்று ஒருமுறை அழுத்தினால் தீர்ந்தது.

வீட்டுக்குள்ளேயே படம் ஓட்டும் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் மாணவர்களும் விளையாட்டுப் பிள்ளைகளும்தான் அதிகம். இன்று பல போன்களில் இருக்கும் விஎல்சி, 1996-ல் பாரிஸ் பக்கத்தில் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாக நெட்வொர்க்குக்குள் வீடியோ ஓட்டுவதற்காகத் தொடங்கிய திட்டம். கோடி என்று இன்று பெயர் பெற்ற மென்பொருள், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியைப் படப்பெட்டியாக்க ஆர்வலர்கள் எழுதியது. 2014-ல்தான் பெயர் மாறியது. 2003-ல் பெரிய கம்பெனிகள் கூடித் தொடங்கிய ஓர் அமைப்பு டிஎல்என்ஏ என்ற பொது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனி டிவியும் எந்தக் கம்பெனி டிஸ்க்கையும் பார்க்கலாம் என்பது அதன் நோக்கம். அந்த அமைப்பு 2017-ல் கலைந்துவிட்டது. அந்த முறை இன்னும் பல டிவிகளுக்குள் உயிரோடு இருக்கிறது. ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய லேப்டாப்பில் போட்டால் அதுவே வீட்டு சர்வர். 2012-ல் வந்த ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினியில் கோடியை ஏற்றினால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயம் வேண்டாம். இப்படிப்பட்ட பெட்டி 5 வாட் இழுத்தால், இரவு பகல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் அது எந்த மூலைக்கு?

10 வருஷத்தில் காலாவதியான சாவி

எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டால், கம்பெனிப் பெயர் சொல்லமாட்டேன். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கூகுளின் குரோம்காஸ்ட் 2013-ல் 35 டாலருக்கு வந்தது. இந்தியாவில் 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு. பெருவிரல் அளவு கருவி. போனில் தொட்டால் டிவியில் ஓடும். நன்றாக விற்றது. 2024 ஆகஸ்டில் அந்த வரிசையின் தயாரிப்பை நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் திடீரென்று வேலை செய்ய மறுத்தன. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. அதற்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழின் 10 ஆண்டுக் கெடு அன்று முடிந்தது. நேற்றுவரை ஓடிய கருவியை, இது நம்பத்தகாதது என்று போன் ஒதுக்கியது. அடுத்த சில நாட்களில் கூகுள் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தது உண்மை. ஆனால் அந்த நாட்களில், உங்கள் போனில் இருக்கும் உங்கள் பிள்ளையின் படத்தை உங்கள் டிவிக்கு அனுப்ப, கலிஃபோர்னியாவில் யாரோ சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தயாரிப்பு நின்றுபோன பழைய டபிள்யூடி டிவி பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க்கைச் செருகினால் அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆகவே என் தீர்ப்பு இது: வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடையிலேயே நெட்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பென் டிரைவிலிருந்து படம் ஓடுகிறதா? ஓடினால் அது உங்கள் பெட்டி. ஓடாமல் கணக்கும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டு நின்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வாடகை டெக்கைத்தான். டெக் கொண்டுவந்த பையன் வேறு நாட்டில் இருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

உப்பு

கடலோரத்தில் எலெக்ட்ரானிக் சாமானுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மழைக்காலத்தில் வாடை திரும்பினால் இரும்பு ஜன்னலே உதிரும் ஊரில், எச்டிஎம்ஐ முனை எம்மாத்திரம்? படம் விட்டு விட்டு வந்தால் பெட்டி போச்சு என்று முடிவு கட்டாமல், கரண்டை அணைத்துவிட்டு ஒயரை இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் பச்சை பூத்த முனைதான் காரணம். வெள்ளை மணி போட்ட சிறு பொட்டலம் ஒன்று செருப்பு டப்பாவில் வருமே, அதைத் தூக்கிப் போடாமல் டிஸ்க்கும் பென் டிரைவும் வைக்கும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். டிவிடியை வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டில் எழுதிய வட்டில் படம் பதிவது சாயத்தில், சாயம் வெளுத்தால் கல்யாணமும் வெளுக்கும்.

நகல் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று வெள்ளம் ஏறாத வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில். 2004 டிசம்பர் 26-ல் கடலோரக் குப்பங்களில் தண்ணீர் புகுந்தபோது போன ஆல்பங்களுக்கு இரண்டாவது பிரதி இல்லை. ஒரே வலையோடு யாராவது தொழிலுக்குப் போவார்களா?

கரை பேசும் படங்கள்

இது வீட்டுக் கதையோடு முடியக்கூடாது என்பது என் ஆசை. பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து எழுதும் ஏற்பாடு அது. அந்தக் கூட்டம் எப்படி நடக்கிறது, வலையை எப்படிக் கட்டுகிறார்கள், எந்தத் துறைக்கு என்ன பெயர் என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் போனில் பிடித்திருப்பார்கள். அது எத்தனை போன்களில் சிதறிக் கிடக்கிறதோ.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இந்தக் கரையில் கூட்டங்கள் நடந்தன. எல்லாவற்றையும் மீனவர்களே படம் பிடித்தார்கள். அவை வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி மங்கிப்போயின. வாட்ஸ்அப் வீடியோவை இறுக்கிச் சுருக்கும். எப்போது, எங்கே எடுத்தது என்று கோப்புக்குள் கேமரா எழுதிவைத்த குறிப்புகளும் வழியில் உதிர்ந்துபோகும். மிஞ்சுவது கோப்பின் பெயரில் இருக்கும் தேதி மட்டும்; அதுவும் வந்து சேர்ந்த தேதி. நாளை ஒரு நீதிமன்றத்திலோ பொது விசாரணையிலோ காட்ட வேண்டுமென்றால் மூலப்படம் வேண்டும். எடுத்த போனிலிருந்தே ஒயர் போட்டு நகலெடுத்து, கோப்புக்குத் தேதியும் இடமும் சேர்த்துப் பெயர் வைக்க வேண்டும்.

மீனவக் குப்பங்கள் தங்களுக்கென்று ஊடகம் வைத்துக்கொண்டதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் கரைக்கு அறிவித்தார்கள். நல்லவாட்டில் அதே ஒலிபெருக்கி சுனாமிக் காலையில் ஊரைக் காப்பாற்றியது; சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்ன எச்சரிக்கையை அதில்தான் கூவினார்கள். 2016-ல் பாம்பனில் கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-ல் பேசத் தொடங்கியது. பழவேற்காட்டுக் குப்பத்துக்கு இத்தனை பெரிய ஏற்பாடுகூடத் தேவையில்லை. பஞ்சாயத்து மண்டபத்தில் ஒரு டிவி, ஒரு ரவுட்டர், ஒரு பெட்டி, 2 டெராபைட் டிஸ்க் இரண்டு. மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் யாருடைய வீட்டுப் படம் ஓடுவது என்று பாடு போட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விடக்கூடாது. ஊர் டிஸ்க்கில் எது ஏறலாம் என்பதை எடுத்தவர் மட்டும் முடிவு செய்யக்கூடாது. கடலில் போனவரின் உடல் கரை ஒதுங்கியதைப் பிடித்த படங்கள் போன்களில் இருக்கின்றன. பெண்கள் சம்மதமில்லாமல் எடுத்தவையும் இருக்கும். அந்தப் படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டிஸ்க்கின் சாவி ஒருவர் இடுப்பில் இல்லாமல் மூன்று பேரிடம், அதில் ஒருவராவது பெண்ணாக, இருப்பது நல்லது.

அந்தக் கல்யாண வட்டின் மூன்றாவது பாகம் இன்னும் படிக்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி, மெதுவான வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன், பாதிவரை வந்தது. மீதியையும் எடுத்துவிட்டால் சொல்லியனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நகலெடுத்துவிடுங்கள்.